மூன்றாமவரின் கடமை: உடற்பயிற்சிக் களத்தில் போட்டியும் நட்பும்
திருச்சி, ஸ்ரீரங்கம் சான்றுகளை முன்வைத்து

1. கேள்வி

ஒரே மைதானத்தில் ஓடிப் பழகியவர்கள், ஒரே கூடத்தில் எடை தூக்கியவர்கள், ஒரு கட்டத்தில் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்க வேண்டி வருகிறது. அணியில் இருப்பது ஒரே இடம். மேடையில் இருப்பது ஒரே பட்டம். அப்போது அவர்களுடைய நட்பு எதனால் நிற்கிறது, எதனால் முறிகிறது? இந்த ஒரு கேள்வியைத்தான் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

வழக்கமான பதில் எளிதானது. நல்ல மனம் இருந்தால் நட்பு நிற்கும், பொறாமை புகுந்தால் முறியும் என்பார்கள். இந்தப் பதில் முழுப் பழியையும் போட்டியிடும் இருவர் மேல் வைக்கிறது. அவர்களைப் போட்டியில் நிறுத்தியவர்களை விட்டுவிடுகிறது. போட்டி என்பது இருவர் மட்டும் நடத்துவதன்று. அளப்பவர், தேர்ந்தெடுப்பவர், பார்ப்பவர் என்று மூன்றாமவர் ஒருவர் அதில் எப்போதும் உண்டு. நட்பின் ஆயுள் அந்த மூன்றாமவரின் நேர்மையைப் பெரிதும் சார்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சோதித்துப் பார்க்கத் திருச்சியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 30 அன்று நடந்த 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் இருவர் திருச்சி மாவட்டத்தவர்: லால்குடிப் பகுதியின் ஆரோக்கிய ராஜீவ், திருவெறும்பூர்ப் பகுதியின் சுபா வெங்கடேசன். அணியோடு சென்று ஓடும் வாய்ப்புக் கிட்டாமல் திரும்பிய தனலட்சுமி சேகரும் திருச்சிக்காரர், குண்டூரைச் சேர்ந்தவர். ஒரு மாவட்டத்தில் இத்தனை பேர் ஒரே தூரத்தில் ஓடும்போது, போட்டி என்பது தொலைவில் இருக்கும் அந்நியரோடு நடப்பதில்லை. பக்கத்து ஊர்க்காரரோடு நடக்கிறது.

2. இதுவரையான புரிதல்கள்

நம் மரபில் இக்கேள்விக்கு முதலில் பதில் சொன்னது அறநூல். திருக்குறள் அழுக்காறாமையை அறத்துப்பாலில் பதினேழாம் அதிகாரமாக வைத்து, தனிமனிதர் தம்மிடமிருந்து விலக்க வேண்டிய குற்றமாகக் காட்டுகிறது. நட்பைப் பொருட்பாலில் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களில் ஆராய்கிறது. நண்பனே போட்டியாளனாகவும் நிற்கும் நிலையை இந்த அதிகாரங்கள் தனியே எடுத்துக்கொள்ளவில்லை. உட்பகை அதிகாரம் அதை நெருங்குகிறது. ஆனால் அது நெருங்கியவன் பகைவனாகிவிட்ட பிறகு தரும் எச்சரிக்கை. பகையாகாமல் காக்கும் வழி அங்கே பேசப்படவில்லை.

இரண்டாவது பதில் உளவியலிலிருந்து வருகிறது. 1898இல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்ளெட் மிதிவண்டிப் பந்தயப் பதிவுகளை ஆராய்ந்து, தனியே ஓட்டுகிறவரைவிடப் பிறரோடு போட்டியிட்டு ஓட்டுகிறவர் வேகமாகச் செல்வதைக் காட்டினார். கேவின் கில்டஃப் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கூர்மையாக்கியது. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் தம் வழக்கமான போட்டியாளர் களத்தில் இருக்கும் நாளில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து நொடி வேகமாக ஓடுகிறார்கள் என்று அவர் கண்டார். ஒருவர் எப்போது வெறும் எதிராளியாக இல்லாமல் உரிய போட்டியாளராகிறார்? வயதும் திறனும் ஒத்திருக்க வேண்டும், அடிக்கடி மோத வேண்டும், வெற்றி தோல்வி நூலிழையில் முடிய வேண்டும் என்கிறார் கில்டஃப். இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை பார்த்தால் ஓர் உண்மை தெரியும். ஒத்த வயது, அடிக்கடி சந்திப்பு, சமமான திறன் ஆகிய இவைதான் பயிற்சிக் களத்தில் இருவரை நண்பராக்குவதும். ஆக, நட்பும் போட்டியும் ஒரே மண்ணில் முளைக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் களைந்துவிட முடியாது.

ஏபிரகாம் டெஸ்ஸர் 1980களில் உருவாக்கிய கோட்பாடு இதன் வலியை விளக்குகிறது. நமக்கு முக்கியமில்லாத துறையில் நண்பர் வென்றால் பெருமைப்படுகிறோம். நாம் உயிராக மதிக்கும் துறையில் வென்றால் நோகிறோம். நெருக்கம் கூடக் கூட நோவும் கூடும். இது சரியான கவனிப்பு. ஆயினும் டெஸ்ஸரின் சட்டகத்தில் இருவர்தான் இருக்கிறார்கள். அவர்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறவர் அதில் இல்லை.

மூன்றாமவரின் பங்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ஒரு தோற்றுப்போன ஆய்வு. முசாஃபர் ஷெரீஃப் 1954இல் ஓக்லஹோமாவில் நடத்திய ராபர்ஸ் கேவ் முகாம் பாடநூல்களில் புகழ்பெற்றது. சிறுவர்களை இரு குழுவாக்கிப் போட்டியில் விட்டால் பகை வளரும், பொது இலக்கு ஒன்றைக் கொடுத்தால் அது தணியும் என்று அது காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1953இல், நியூயார்க் மாநிலத்தின் மிடில் குரோவில் அவர் நடத்திய முகாம் பெரிதாகப் பேசப்படவில்லை. ஜீனா பெர்ரி 2018இல் வெளியிட்ட நூல் அதை விரிவாக வெளிக்கொணர்ந்தது. அந்த முகாமில் சிறுவர்கள் முதலில் ஒன்றாகப் பழகி நண்பர்களானார்கள்; அதன் பிறகே பிரிக்கப்பட்டார்கள். போட்டிகள் வைத்தும், பொருள்களைச் சேதப்படுத்தி எதிர்க் குழுவின் மேல் சந்தேகம் வரும்படி செய்தும், நடத்தியவர்கள் எதிர்பார்த்த பகை மூளவில்லை. மாறாக, இதையெல்லாம் செய்வது முகாமை நடத்தும் பெரியவர்களே என்று சிறுவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஆய்வு கைவிடப்பட்டது.

என் பார்வையில் இந்தத் தோல்வி அந்த வெற்றியைவிட அதிகம் கற்பிக்கிறது. முன்பே வேர்விட்ட நட்பு, போட்டி வந்தவுடன் சாய்ந்துவிடுவதில்லை. போட்டியில் நேர்மை குறைவது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் நண்பர்கள் முதலில் ஒருவரையொருவர் நோக்குவதுமில்லை, நடத்துகிறவரையே நோக்குகிறார்கள்.

3. உறையூர் தரும் பழஞ்சான்று

இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதியாக இருக்கும் உறையூர், சங்க காலச் சோழர் தலைநகர். நட்புக்குத் தமிழர் எப்போதும் எடுத்துக்காட்டும் கோப்பெருஞ்சோழன் இவ்வூர் அரசன். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரோடு அவன் கொண்ட நட்பு, நேரில் காணாமலே வளர்ந்து, வடக்கிருந்து உயிர்விட்ட சோழனைத் தொடர்ந்து புலவரும் உயிர்துறந்ததில் முடிந்தது. மகத்தான நட்புத்தான். ஆனால் நம் கேள்விக்கு அது உதவாது. அவர்கள் இருவரும் எந்த ஒன்றுக்காகவும் போட்டியிட்டதில்லை. ஒருவர் அரசர், மற்றவர் புலவர். இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தவும் எவரும் இல்லை. அதே கோப்பெருஞ்சோழனுக்கு மோதல் வந்தது மிக நெருங்கியவர்களோடு, தன் சொந்தப் பிள்ளைகளோடு. அந்தப் போரைத் தடுக்க இடையில் நின்று பேசியவர் புல்லாற்றூர் எயிற்றியனார்.

உறையூரின் இன்னொரு நிகழ்ச்சியும் இதே அமைப்பில் இருக்கிறது. நெடுங்கிள்ளி உறையூருக்குள் அடைபட்டிருக்க, நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருந்தான். இருவரும் சோழரே. புறநானூற்றின் 45ஆம் பாட்டில் கோவூர் கிழார் இருவரிடமும் ஒரே வாதத்தை வைக்கிறார்: எதிரே நிற்பவன் வேற்றுக் குடியினன் அல்லன், எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே. இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. புலவர் இருவரில் ஒருவருக்கு ஆதரவாகப் பேசவில்லை. இருவருக்கும் பொதுவான அடையாளம் ஒன்றைப் பெயர் சொல்லி நினைவூட்டினார். மூன்றாமவர் செய்யக்கூடிய முதல் வேலை அதுதான்.

உடல்வலிமைப் போட்டியைப் பற்றியே பேசும் பாட்டும் உறையூர் அரச குடும்பத்தோடு தொடர்புடையது. உறையூரை ஆண்ட தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவனாட்டு ஆமூரில் ஒரு மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். தந்தையும் மகனும் பிரிந்திருந்த காலம் அது என்பது உரைமரபு. புலவர் பிடிகளை நுணுக்கமாகக் காட்டிவிட்டு, இந்தக் காட்சியைத் தித்தன் காண வேண்டும் என்று விரும்புகிறார். வென்றவனுக்குத் தேவைப்பட்டது மல்லனின் அவமானம் அன்று. தான் மதிக்கும் ஒருவரின் பார்வை. பயிற்சிக் களத்தில் இன்றைக்கும் நடப்பது இதுதான். இரண்டு பேர் ஒருவரையொருவர் முந்த முயல்வதாக நமக்குத் தெரிகிறது. உண்மையில் இருவரும் ஒரே பயிற்சியாளரின் பார்வையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பார்வை ஒருவர் பக்கமே சாய்ந்திருந்தால் மற்றவருக்கு வலிக்கிறது. அந்த வலி நண்பன் மேல் திரும்புகிறது.

4. கடிகாரமும் தேர்வாளரும்

தடகளத்தின் பெரிய நன்மை, அதன் அளவுகோல் வெளிப்படையானது. 2021 மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் தனலட்சுமி 100 மீட்டரை 11.39 நொடியில் ஓடி, 11.58 நொடியில் வந்த தூத்தி சந்தை வென்றார். அதே போட்டியின் 200 மீட்டரில் 23.26 நொடியில் ஓடி, பி.டி. உஷா 1998இல் ஏற்படுத்திய 23.30 என்ற போட்டிச் சாதனையை முறியடித்தார். இறுதிப் போட்டியில் ஹிமா தாஸ் அவரை முந்தினார். இந்த எண்களைப் பற்றி எவரும் சண்டையிட முடியாது. தோற்றவர் தன் கால்களோடுதான் கணக்குத் தீர்க்க வேண்டும்; வென்றவரோடோ நடுவரோடோ அல்ல.

அதே ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில், மீண்டும் பாட்டியாலாவில், ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்டத்துக்கான 400 மீட்டர் தேர்வு ஓட்டம் நடந்தது. அதிலிருந்து தேர்வான மூன்று பெண்களும் தமிழ்நாட்டவர்: மதுரையின் ரேவதி வீரமணி, திருச்சியின் சுபா, தனலட்சுமி. ஒரே கோட்டில் நின்று ஓடி, நொடிக் கணக்கில் தேர்வு பெற்றார்கள். ஆனால் டோக்கியோவில் ஓட இரு பெண்களுக்கே இடம். முகமது அனஸ், ரேவதி, சுபா, ராஜீவ் ஆகிய நால்வரும் ஓடினர். 3 நிமிடம் 19.93 நொடியில் தகுதிச் சுற்றில் எட்டாவதாக வந்தனர்.

இங்கே இரண்டு வகைத் தீர்ப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அணிக்குள் வருவதைக் கடிகாரம் முடிவு செய்கிறது. அணிக்குள் வந்தவர்களில் அன்றைய நாள் யார் ஓடுவது என்பதைப் பயிற்சியாளர்கள் முடிவு செய்கிறார்கள். உடல்நிலை, அனுபவம், ஓட்ட வரிசை எல்லாவற்றையும் பார்த்து முடிவு செய்வது அவர்கள் பொறுப்பு. அதில் தவறில்லை. ஆனால் நட்புக்கு ஆபத்து வருவது முதல் தீர்ப்பில் அன்று, இரண்டாவதில். காரணம் சொல்லப்படாத முடிவு எப்போதும் ஒரு காரணத்தைத் தேடிக்கொள்ளும். பெரும்பாலும் அது பக்கத்தில் நிற்கும் தோழியின் பெயராக இருக்கும். சம்பந்தப்பட்ட வீராங்கனைகளின் மனத்துக்குள் புகுவது இக்கட்டுரையின் வேலை அல்ல. அவர்கள் நின்ற அமைப்பைத்தான் நாம் ஆராய்கிறோம். பெரிய போட்டிகளின் தொடர் ஓட்டத்தில் தகுதிச் சுற்றில் மட்டும் ஓடியவருக்கும் அணியின் பதக்கம் உண்டு. எந்தச் சுற்றிலும் ஓடாத மாற்று வீரருக்கு இல்லை. பயிற்சி முழுவதையும் பகிர்ந்துகொண்டு, பலனில் மட்டும் பங்கில்லாமல் நிற்கும் அந்த ஒருவரிடம் பேச வேண்டிய கடமை பயிற்சியாளருடையது. சக வீராங்கனையின் தலையில் அதைச் சுமத்தக் கூடாது.

தொடர் ஓட்டம் இந்தச் சிக்கலுக்குத் தன்னிடமே ஒரு மருந்தையும் வைத்திருக்கிறது. 4x100 மீட்டரில் பேட்டனை வாங்குபவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டுவார். 4x400இல் அது முடியாது. முன்னூற்றைம்பது மீட்டருக்கு மேல் ஓடி வருகிறவரின் தொடைகள் கனத்துவிட்டிருக்கும். வேகம் ஒவ்வோர் அடியிலும் குறைந்துகொண்டு வரும். வாங்குபவர் திரும்பி நின்று, வருகிறவரின் தோளையும் முழங்காலையும் பார்த்து, அவர் எவ்வளவு களைத்திருக்கிறார் என்று கணித்து, அதற்கேற்ப நகரத் தொடங்க வேண்டும். முன்கூட்டியே பாய்ந்தால் பேட்டன் கைக்கு எட்டாது. தாமதித்தால் இருவரும் மோதிக்கொள்வார்கள். இருபது மீட்டர் பகுதிக்குள் இது முடிந்தாக வேண்டும். தேர்வு ஓட்டத்தில் தோழி கடைசி ஐம்பது மீட்டரில் எப்படித் தளர்வாள் என்று கவனித்தது அவளை முந்துவதற்காக. அதே கவனிப்பு இங்கே அவளிடமிருந்து பேட்டனைத் தவறாமல் வாங்க உதவுகிறது. போட்டியில் பெற்ற அறிவு வீணாவதில்லை. அமைப்பு மாறும்போது அதுவே அக்கறையாகிறது.

சுபாவின் பிந்தைய ஆண்டுகள் இதற்குச் சான்று. 2023 பாங்காக் ஆசியத் தடகளப் போட்டியில் கலப்புத் தொடர் ஓட்டத் தங்கம், அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கலப்பு, பெண்கள் ஆகிய இரு தொடர் ஓட்டங்களிலும் வெள்ளி, 2025 தென்கொரியாவின் குமியில் மீண்டும் கலப்புத் தங்கம் என்று அவர் பெற்றவை எல்லாம் மாறிக்கொண்டே இருந்த கூட்டாளிகளோடு பெற்றவை. அந்தக் கூட்டாளிகளில் பெண்கள் வேறொரு நாளில் அதே 400 மீட்டரில் அவருக்கு எதிராக ஓடுகிறவர்கள்.

5. மறைந்திருக்கும் அளவு

கடிகாரம் நேர்மையானது என்றோம். அது அளக்கும் உடலுக்குள் என்ன போயிருக்கிறது என்பது கடிகாரத்துக்குத் தெரியாது. திருச்சியின் தடகள வரலாற்றைப் பேசுகிறவர் ஊக்கமருந்தைப் பேசாமல் போவது நேர்மை ஆகாது.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ராஜீவ் இடம்பெற்ற அணி வெள்ளி வென்றது. தங்கம் வென்ற பஹ்ரைன் அணியின் வீராங்கனை ஒருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால், 2020இல் அந்த வெள்ளி தங்கமாயிற்று. முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து 2019 தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். சோதனையில் தவறியதால் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டு, பதக்கம் பறிக்கப்பட்டது. 2022இல் தனலட்சுமியும் சோதனையில் தவறி மூன்றாண்டுத் தடை பெற்றார்.

இவற்றைத் தனிமனித வீழ்ச்சிகளாக மட்டும் படிப்பது போதாது. ஒவ்வொரு சோதனைத் தோல்விக்குப் பின்னும், அவரோடு ஓடியவர்கள் தாங்கள் தோற்ற ஒவ்வோர் ஓட்டத்தையும் மறுபடி எண்ணிப் பார்க்கிறார்கள். மருந்து எதையும் தொடாதவரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார். களத்தில் இருந்த பொது நம்பிக்கையே கலைகிறது. இங்கே கடமை தவறும் மூன்றாமவர்கள் பலர் இருக்க முடியும்: என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாமல் புரத மாவு விற்பவர், கேட்காமல் ஊசி போடுபவர், பதக்கம் வந்தால் பாராட்டு விழா எடுத்து, ஊட்டச்சத்து ஆலோசனைக்கு ஒரு ஏற்பாடும் செய்யாத அமைப்புகள். கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலைத் தாய்மொழியில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இல்லையென்றால், அந்தக் குறையை அப்பிள்ளையின் ஒழுக்கத்தில் மட்டும் தேடுவது நியாயமன்று.

6. கண்ணாடியும் மேடையும்

தில்லைநகர், தென்னூர், பாலக்கரை என்று மாநகரெங்கும் பரவியிருக்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் நிலைமை வேறு. கடிகாரத்தின் இடத்தில் அங்கே கண்ணாடி இருக்கிறது. ஆனால் நட்பின் மிகத் தூய வடிவம் ஒன்றை அங்கேதான் பார்க்க முடியும்.

பெஞ்ச் பிரஸ் செய்யும் ஒருவர் தன்னால் முழுதாக முடியுமா என்று தெரியாத எடையை மார்புக்கு இறக்குகிறார். தலைமாட்டில் கூட்டாளி நிற்கிறார். கம்பியைப் பிடிப்பதில்லை, அதன் கீழே கையை விரித்து வைத்திருக்கிறார். “விடாத மாப்ள, இன்னும் ஒண்ணு, நான் இருக்கேன்” என்கிறார். கம்பி பாதியில் நடுங்கி நிற்கும்போது, உடனே தூக்கிவிட்டால் அந்த முயற்சி வீண். தாமதித்தால் எடை கழுத்தில் இறங்கும். இரண்டு விரலால் ஒரு சிறு உந்துதல் மட்டும் கொடுத்து, மீதியை அவரே முடிக்க விடுவதில் இருக்கிறது கூட்டாளியின் தேர்ச்சி. அடுத்த சுற்றில் இடம் மாறுகிறது. மாலையில் ஒருவர் உயிரை மற்றவர் கையில் கொடுத்த இதே இருவர், மாவட்ட ஆணழகன் போட்டியில் ஒரே எடைப்பிரிவில் நிற்கக்கூடும்.

வலுதூக்கும் போட்டியில் சிக்கல் குறைவு. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் ஒவ்வொன்றுக்கும் மூன்று முயற்சி. ஒவ்வொன்றிலும் தூக்கிய சிறந்த எடை கூட்டப்படும். சமமானால் உடல் எடை குறைந்தவருக்கு முன்னிடம். விதி முன்பே தெரிந்தது. ஆணழகன் மேடையில் அளப்பது கண். டபுள் பைசெப்ஸ், லாட் ஸ்ப்ரெட் என்று நிலைகளைக் காட்டச் சொல்லி, இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுகிறார்கள். நடுவர்களின் கண் சாயாமலிருக்க, மிக அதிகமான மதிப்பெண்ணையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு மீதியைக் கூட்டும் முறை உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் தோற்றவர் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஓட்டக்காரருக்கு 0.19 நொடி என்ற எண் இருக்கிறது. அதைக் கொண்டு அவர் அடுத்த பருவத்தைத் திட்டமிடலாம். மேடையில் நின்றவருக்கு, இரண்டாமிடம் என்ற செய்தி மட்டும் கிடைக்கிறது. தொடையிலா, முதுகிலா, தசைப்பிளவிலா, எங்கே குறைந்தது என்று ஒரு நடுவர் ஐந்து நிமிடம் விளக்கினால் அந்தத் தோல்வி பாடமாகிவிடும். விளக்காதபோது, ‘அவன் மாஸ்டருக்கு வேண்டியவன்’ என்ற பேச்சு கூடத்துக்குள் நுழைகிறது.

இதோடு, ஒரே விளையாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் தத்தம் பட்டங்களை வழங்கும் நிலை உடற்கட்டுத் துறையில் நீண்டகாலமாக இருக்கிறது. ஒரு கூடத்தின் நண்பர்கள் இரு சங்கங்களின் பக்கம் பிரியும்போது, அவர்களுக்குள் போட்டி நடக்காமலே பகை வருகிறது. நிர்வாகிகளின் பூசலுக்கு வீரர்களின் நட்பு விலையாகிறது.

7. ஸ்ரீரங்கம்: வரிசையில்லாத உழைப்பு

காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்தால், உடல் உழைப்பின் முற்றிலும் வேறான ஒழுங்கு ஒன்று தெரியும். கோயிலின் உற்சவரான நம்பெருமாளைத் தோளில் ஏந்திச் செல்லும் ஸ்ரீபாதம் தாங்கிகள் உத்தரத் தெருக்களிலும் சித்திரைத் தெருக்களிலும் நடக்கும் நடை வெறும் சுமத்தல் அன்று. வைகுண்ட ஏகாதசியன்று சிம்மகதியில் புறப்பாடு. அதைத் தொடரும் இராப்பத்துத் திருவிழாவின் எட்டாம் நாள் வேடுபறியின்போது, தங்கக் குதிரை வாகனத்தோடு மணல்வெளியில் முன்னும் பின்னும் ஓடும் வையாளி. கனத்த வாகனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பலர் ஒரே வேகத்தில் ஓடி, ஒரே கணத்தில் நின்று, ஒரே கணத்தில் திரும்ப வேண்டும். ஒருவர் தோள் சற்று உயர்ந்தால் பாரம் அடுத்தவர் மேல் இறங்குகிறது. ஒருவர் அடி பிந்தினால் வாகனமே சாய்கிறது. இங்கே வலிமையானவர் தன் வலிமையைத் தனியே காட்ட இடமில்லை. அடுத்தவர் நடையோடு தன் நடையைப் பொருத்துவதே திறமை.

போட்டியே வேண்டாம், எல்லாக் களங்களும் இப்படி இருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. இந்த ஒழுங்கில் ஒவ்வொருவருக்கும் உரிய இடம் மரபால் வரையறுக்கப்பட்டது. புதிதாக ஒரு குண்டூர்ப் பெண் வந்து தன் கால்வேகத்தால் இடம்பிடிக்க அதில் வழியில்லை. போட்டியின் மதிப்பு அதுதான்: யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் கோட்டில் நிறுத்துகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. போட்டிக்குப் பழகும் களங்களிலும், வாரத்தில் சில மணி நேரமாவது, யாரையும் வரிசைப்படுத்தாத கூட்டு உழைப்பு இருக்க வேண்டும்.

இதே தெருக்களில் விடிகாலையில் நடைப்பயிற்சி செய்வோரின் உலகில் இப்போது புதிய மூன்றாமவர் ஒருவர் நுழைந்திருக்கிறார்: கைப்பேசிச் செயலி. முன்பு “இன்னிக்கு எத்தனை சுத்து?” என்று கேட்டால், சொல்பவர் தன் மூட்டுவலியையும் சேர்த்துச் சொல்வார், கேட்பவரும் அதைக் கேட்டுக்கொள்வார். செயலி எண்ணை மட்டும் சொல்கிறது. நேற்று காய்ச்சலில் படுத்தவரையும் நலமாய் நடந்தவரையும் ஒரே பட்டியலில் மேலும் கீழும் வைக்கிறது. அளக்கத் தெரிந்த, ஆனால் ஆறுதல் சொல்லும் பொறுப்பு இல்லாத மூன்றாமவர் அது.

8. மறுப்புகள்

என் வாதத்துக்கு எதிராக மூன்று கருத்துகளை எடைபோட வேண்டும்.

முதலாவது: அளவுகோல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், தோல்வி வலிக்கத்தான் செய்யும், டெஸ்ஸர் சொன்னது போல் நண்பனிடம் தோற்பது கூடுதலாக வலிக்கும். உண்மை. நேர்மையான அளவுகோல் வலியை நீக்குவதில்லை. ஆனால் அந்த வலிக்கு ஒரு குற்றவாளியைத் தேடும் தேவையை நீக்குகிறது. நட்பை முறிப்பது பெரும்பாலும் தோல்வி அன்று, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம்.

இரண்டாவது: வரிசைப்படுத்துவதையே குறைத்துவிட்டால் என்ன? 2004இல் லண்டனின் புஷி பூங்காவில் பதின்மூன்று பேரோடு தொடங்கிய பார்க்ரன் என்ற கூட்டு ஓட்ட இயக்கம் 2024இல் தன் இணையதளத்திலிருந்து தடச் சாதனை போன்ற பட்டியல்களை நீக்கியது. புதியவர்கள் தயங்காமல் வர வேண்டும் என்பது நோக்கம். உடல்நலத்துக்காகச் சேர்ந்த குழுக்களுக்கு இது நல்ல வழி. ஆனால் அங்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் நேரம் தெரிவிக்கப்படுகிறது. அளவு ஒழிக்கப்படவில்லை, ஒப்பீட்டின் முனைதான் மழுக்கப்பட்டது. அணியில் இரண்டே இடம் இருக்கும் தடகளத்துக்கு அந்த வழி பொருந்தாது.

மூன்றாவது மறுப்பு கனமானது: மூன்றாமவர் மேல் இவ்வளவு பொறுப்பைப் போட்டால், நண்பர்களின் சொந்தப் பொறுப்பு என்னாவது? அதை நான் மறுக்கவில்லை. வென்றவர் அடக்கத்தோடும் தோற்றவர் பெருந்தன்மையோடும் நடப்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையிடம் பெருந்தன்மையை எதிர்பார்க்கும் உரிமை, அப்பிள்ளையை நேர்மையாக நடத்திய பெரியவருக்கே உண்டு.

9. முடிவுகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து நான்கு முடிவுகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: பயிற்சிக் களத்தில் நட்பும் போட்டியும் ஒரே காரணங்களால் பிறக்கின்றன. ஆகவே போட்டியை அடக்கி நட்பைக் காக்கும் முயற்சி பயன் தராது.

இரண்டு: முன்பே உருவான நட்பு வலிமையானது. திருச்சி அண்ணா விளையாட்டரங்கிலும், கிராமத்துப் பள்ளி மைதானங்களிலும், கூடங்களிலும், பிள்ளைகளைத் தரம் பிரிப்பதற்கு முன் நீண்ட காலம் ஒன்றாகப் பழக விட வேண்டும்.

மூன்று: தேர்வின் விதி முன்பே எழுதி ஒட்டப்பட வேண்டும், விதியால் முடிவாகாததைத் தேர்வாளர் நேரில், காரணத்தோடு, விடுபட்டவரிடம் முதலில் சொல்ல வேண்டும். அறிவிப்புப் பலகையிலோ, தேர்வான தோழியின் வாயிலாகவோ அவர் அதை அறிய நேரக் கூடாது.

நான்கு: எதிரெதிராக ஓடுகிறவர்கள் ஒரே பக்கம் நிற்கும் வேளைகளைப் பயிற்சித் திட்டத்திலேயே வைக்க வேண்டும். தொடர் ஓட்டம், மாறி மாறி எடை காத்தல், மூத்தவர் இளையவருக்குக் கற்றுத் தருதல் என்று அதற்கு வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் வேண்டாம். ஒரு தாள், ஒரு விளக்கம், ஒரு மணி நேரக் கூட்டுப் பயிற்சி போதும். ஆனால் ஒவ்வொன்றும் பயிற்சியாளர், நடுவர், சங்க நிர்வாகி ஆகியோரின் கையில் இருப்பது. வீரர்களின் கையில் இல்லை. திருச்சியின் அடுத்த தலைமுறையில் ஒரே தூரத்தில் ஓடும் இரு பெண்கள் முப்பது வயதிலும் தோழிகளாக இருக்க வேண்டுமென்றால், அதற்கான வேலையை இப்போதே தொடங்க வேண்டியவர்கள் அந்த மூன்றாமவர்கள்தான்.